41 வயதில் நடன வகுப்பு: எதில் தொடங்குவது? (பெஸ்தாரி ஜெயா வட்டாரம்)

#1 எடைமேடை

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இதுதான் முதல் பதிவு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. செம்பனை ஆலையில் லோரிகளை எடை போடும் இடத்தில் வேலை. நாள் முழுக்க நாற்காலி. பழ சீசன் வந்தால் இரவிலும் நாற்காலி. மகளுக்கு 9 வயது. சனிக்கிழமை காலையில் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபம்) நடக்கும் பரத வகுப்பில் அவளை விட்டுவிட்டு, வெளியே மோட்டாரில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷமாக இப்படித்தான். போன மாதம் ஒரு நாள் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், உள்ளே டீச்சர் "தெய்யா தெய்" என்று தட்டுக்கழியால் அடிக்க அடிக்க என் கால் தானாகத் தட்டிக்கொண்டிருக்கிறது.

சின்ன வயதில் ஆசை இருந்தது. அப்போது தோட்டத்தில் வகுப்பு ஏது? அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். "ஆடினா சோத்து மங்கு நிறையுமா?" என்றார். அத்தோடு சரி.

இப்போது இங்கே கிடைப்பது இவ்வளவுதான்: மகளின் டீச்சரிடமே பரதம் (பிள்ளைகளோடு நிற்க வேண்டும்), புதன் மாலை தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் என்னோடு வேலை செய்யும் மலாய் அக்காவின் தங்கை சொல்லித்தரும் ஜோகெட், ஜாப்பின் என்ற மலாய் ஆட்டங்கள், ஞாயிறு காலை பாடாங்கில் (திடலில்) ஜூம்பா. கோலாலம்பூர் போகத் துணிந்தால் ஒடிசி. எனக்கு எல்லாமே வேண்டும் போல இருக்கிறது. இரண்டு மூன்று ஒன்றாகப் படிக்கலாமா, குழம்பிவிடுமா? மாடிப்படி இறங்கும்போது வலது முட்டி கொஞ்சம் வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#2 உறுமி_பையன்

ஜூம்பா போங்க அக்கா. வேர்க்கணும், அவ்வளவுதான். பரதம் எல்லாம் சின்ன பிள்ளையிலேயே ஆரம்பிக்கணும்.

#3 தத்தகாரம்

தம்பி சொல்வது தவறு. கிள்ளானில் 26 வருஷமாகச் சொல்லித்தருகிறேன். என்னிடம் 50 வயதில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரங்கேற்றம் வராமல் போகலாம், ஆனால் முதல் உருப்படியான அலாரிப்பு வரும், அதை நின்று நிதானமாக ஆடுவார்கள்.

ஆனால் சகோதரி, "எல்லாமே வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். ஆறு மாதம் பரதம், மூன்று மாதம் கதக், அப்புறம் யூடியூபில் பாலிவுட் என்று சுற்றிவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அரைமண்டியில் (முட்டியை மடக்கி, வெளியே திருப்பி நிற்கும் நிலை) உட்காரச் சொன்னால் பாதி உட்கார்ந்து, இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படை அசைவுகள் இரண்டும் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) தடுமாறாமல் வரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். குறைந்தது இரண்டு வருஷம்.

#4 பழைய_பெர்ஜுந்தாய்

ஊர்ப் பெயரைப் பார்த்ததும் வந்துவிட்டேன். 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். எனக்கு இன்னும் வாயில் பத்தாங் பெர்ஜுந்தாய்தான் வருகிறது. பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். 1917-ல் இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட இடம் அது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. எங்கள் ஊரில் எதுவும் சொன்னபடி இருக்காது, அதனால் நடன வகுப்பும் அப்படித்தான் இருக்கும், அம்மாடி, தயாராக இரு.

தோட்டத்தில் வகுப்பு ஏது என்று எழுதியிருக்கிறாய். வகுப்பு இல்லைதான். ஆனால் ஆட்டம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே, பெரட்டுக் களத்தில் (வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடம்) சாயந்திரம் கோலாட்டம் பழகுவார்கள். என் சின்னம்மா கும்மியில் நடுவில் நின்று பாடுவார், அவர் குரல் ஆறாவது லயம் (வரிசை வீடு) வரை கேட்கும். காவடி எடுக்கிறவன் ஆடும்போது கூடப் போகிறவன் சும்மா நடந்தானா? அவனும்தான் ஆடினான். யாரும் யாருக்கும் மாதச் சம்பளம் கொடுத்துப் படிக்கவில்லை. உன் கால் தட்டியது பேட்டரி தீர்ந்ததனால் இல்லை. அது பாட்டி காலத்திலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறது.

#5 உறுமி_பையன்

ஐயா சொன்னது செம 🔥

#6 கிள்ளான்_மருமகள்

நான் டீச்சர் இல்லை, மாணவி மட்டும். ஆனால் டீச்சர் பயப்படும் அந்த ஆள் நான்தான் போல. 12 வருஷத்தில் பரதம், ஒடிசி, கொஞ்சம் கதக், ஜாப்பின், ஜூம்பா எல்லாம் போயிருக்கிறேன். அதனால் என் உடம்பில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பரதத்தில் எனக்கு நாலு வருஷம் இருந்தது. அரைமண்டியில் உட்கார்ந்தால் தலையிலிருந்து இடுப்பு வரை ஒரே தூண். கை போகும், கண் போகும், கால் தட்டும், நடுவுடம்பு நிமிர்ந்தே இருக்கும். அப்புறம் ஒடிசிக்குப் போனேன். அங்கே முதலில் சௌக் என்று ஒரு நிலை. இதுவும் முட்டி மடக்கி, வெளியே திருப்பித்தான். ஆனால் பாதங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி, கை கால் எல்லாம் சதுரமாக. "அட, இது நமக்குத் தெரிந்ததுதானே" என்று நினைத்தேன். அடுத்து திரிபங்கி வந்தது. தலை ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். மார்பை மட்டும் பக்கவாட்டில் நகர்த்து, இடுப்பு அசையக் கூடாது என்றார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் போகும். பூட்டிய அலமாரி மாதிரி நின்றேன். என்னோடு சேர்ந்த, இதற்கு முன் எந்த நடனமும் கற்காத ஒரு பெண்ணுக்கு அது இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. எனக்கு ஐந்து மாதம். வீட்டில் சுவரில் இடுப்பை ஒட்டிக்கொண்டு மார்பை நகர்த்திப் பழகினேன். மாமியார் ஒரு நாள் பார்த்துவிட்டு முதுகு வலியா என்று தைலம் கொண்டுவந்தார்.

கதக் வேறு உலகம். கால் நேராக இருக்கும், மண்டி கிடையாது. ஒரு காலுக்கு நூற்றுக்கும் மேல் சலங்கை கட்டிக்கொண்டு பாதத்தைத் தட்டையாக வைத்துத் தாளம் போட வேண்டும், அப்புறம் சுழல வேண்டும். மூன்றாவது வாரமே தலை சுற்றி, வகுப்புக்கு வெளியே இருந்த சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் கதக் அவ்வளவுதான்.

ஜாப்பின்தான் எனக்கு ஆச்சரியம். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கை தோளுக்கு மேலே போகாது, முகத்தில் பாவம் கிடையாது. ஆனால் முட்டியில் ஒரு சின்னத் துள்ளல், மலாயில் என்ஜுட் என்பார்கள். பரதம் படித்த காலுக்கு அது வரவே வராது! நாம் தரையை அடித்துப் பழகியவர்கள். அவர்கள் தரையைத் தொட்டுவிட்டு உடனே விட்டுவிடுவார்கள். அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் வழியாக இங்கே வந்த ஆட்டம் அது, முன்பு ஆண்கள் மட்டும்தான் ஆடினார்களாம். சொல்லிக்கொடுத்த அக்கா என் காலைப் பார்த்து, "தரை உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?" என்று கேட்டார். 😂

சரி, குழம்புமா என்றால், குழம்பும். ஆனால் எனக்குக் குழம்பியது ஒன்றையொன்று ஒத்தவைதான். பரதமும் ஒடிசியும் ஒரே சமயத்தில் படித்தபோது முத்திரைகளும் மண்டியும் கலந்து இரண்டு டீச்சரிடமும் திட்டு வாங்கினேன். பரதமும் ஜாப்பினும் கலக்கவே இல்லை. தூரத்துச் சொந்தம் சண்டை போடாது, பங்காளிதான் போடுவான்.

#7 தத்தகாரம்

மருமகள் சொன்ன கடைசி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரே எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: நாலு வருஷம் பரதம் ஆன பிறகுதான் மற்றதற்குப் போயிருக்கிறார். அடித்தளம் இருந்தது. அது இல்லாமல் எல்லாவற்றையும் தொட்டால் எதன் சுத்தமும் நிற்காது.

#8 பிரிக்பீல்ட்ஸ்_ரயில்

சுத்தம் என்ற சொல் வந்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும் டீச்சர். மரியாதையோடுதான்.

ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் படித்தது பாலே. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் படித்தார். இந்திய நடனத்தின் பக்கம் அவரைத் திருப்பியதே பாவ்லோவாதான். அதன் பிறகுதான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் (பரதத்தின் பழைய பெயர்) கற்று, 1935-ல் மேடையேறி, 1936-ல் கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியைத் தொடங்கினார். நாம் இன்று "சுத்தமான பரதம்" என்று ஆடுவதில் பாதி அந்தக் கைகள் வழியாக வந்தது.

நம் நாட்டிலேயே நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம் இருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்குப் பொறியியல் படிக்கப் போனவர். அங்கே பாலே, பிறகு அடையாறு லக்ஷ்மணிடம் பரதம், தேவபிரசாத் தாஸிடம் ஒடிசி. 1983-ல் கோலாலம்பூரில் சூத்ரா குழுவைத் தொடங்கினார். 2018-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. மூன்று மொழி உடம்பு. எங்கே குழம்பினார்?

அரசாங்கக் கலைக் கல்லூரியான அஸ்வாராவில் நடனம் படிக்கிற பிள்ளைகளும் மலாய் ஆட்டம், பரதம், சீன நடனம், பாலே எல்லாவற்றையும் ஒரே படிப்பில்தான் எடுக்கிறார்கள்.

#9 தத்தகாரம்

எனக்கு ருக்மிணி தேவியின் கதை தெரியும், தம்பி. அந்தக் காலத்தில் பலர் அவர் எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்று கோபப்பட்டதும் தெரியும். சதிர் மரபில் வந்த பாலசரஸ்வதி அம்மையாரின் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அது இருக்கட்டும்.

நீங்கள் சொன்ன மூன்று உதாரணத்திலும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அவர்கள் எல்லோரும் காலை முதல் இரவு வரை ஆடினார்கள். அஸ்வாரா பிள்ளைக்கு அதுதான் நாள் முழுவதும் வேலை. இந்தச் சகோதரிக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம்? ஆலையில் ஷிப்ட், வீட்டில் சமையல், பிள்ளையின் பள்ளி. மிஞ்சுவது இரண்டு மணி நேரம். அந்த இரண்டை மூன்று வகுப்புக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். அதில் 10 நிமிஷம் முடி கட்டுவதற்கே போய்விடும்.

#10 பிரிக்பீல்ட்ஸ்_ரயில்

😅 சரி டீச்சர். அந்த 40 நிமிஷக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை.

#11 எடைமேடை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. டீச்சர், நீங்கள் கணக்குப் போட்டது சரிதான், ஆனால் முடி கட்ட எனக்கு இரண்டு நிமிஷம் போதும். 🙂

ரயில் தம்பி, கோலாலம்பூர் போய் வருவது எப்படி இருக்கும்? பிரிக்பீல்ட்ஸில் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப் பள்ளி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

#12 பிரிக்பீல்ட்ஸ்_ரயில்

அக்கா, நான் ஈஜோக்கில் இருந்தபோது எட்டு மாதம் போனேன். சுங்கை பூலோ வரை கார், அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அப்புறம் நடை. அந்த இடம் 1981-ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கியது. பரதம், ஒடிசி, பாட்டு, வாத்தியம் எல்லாம் உண்டு. போய்விட்டால் திரும்பி வர மனம் வராது. ஒரு அறையில் தபலா, அடுத்த அறையில் சலங்கை, கீழே சாப்பாட்டு வாசம்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். ஒன்றரை மணி நேர வகுப்புக்கு, வாசலை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப ஆறு மணி நேரம் ஆகும். மழை வந்தால், ரயில் தாமதமானால் இன்னும் கூடும். முதல் இரண்டு மாதம் பறந்து போனேன். ஐந்தாவது மாதம் காரணம் தேட ஆரம்பித்தேன். எட்டாவது மாதம் காரணம் தேடக்கூட இல்லை. என் ஒடிசி நின்றதற்கு ஒடிசி காரணம் இல்லை, தூரம்தான்.

நம் மாதிரி ஊரில் எந்த நடனம் என்று கேட்பதைவிட, முப்பதாவது வாரமும் யார் வருகிறார் என்று கேட்க வேண்டும். டீச்சர் வர வேண்டும், நீங்களும் வர வேண்டும். உங்கள் மகளின் டீச்சர் இரண்டு வருஷமாகத் தவறாமல் வருகிறார் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

#13 பழைய_பெர்ஜுந்தாய்

நம்ம ஊருக்கு வந்து வகுப்பு எடுத்துவிட்டு நாலு மாதத்தில் காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. கராத்தே, யோகா, ஆர்கன், வீணை. ஒரு வீணை இன்னும் கோயில் ஸ்டோரில் கிடக்கிறது. எலி தந்தியை அறுத்துவிட்டது.

#14 முட்டிக்கு_முன்

நான் இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். எல்லோரும் நடனத்தைப் பேசிவிட்டீர்கள், அக்காவின் முட்டியை யாரும் கேட்கவில்லை.

படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்றால் பெரும்பாலும் தொடைத் தசை பலமில்லாததும், நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்து வருவது. அதற்காக ஆடக் கூடாது என்று இல்லை. ஆனால் முதலில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் காட்டிவிடுங்கள். பதிவுக்கு ஒரு வெள்ளிதான். வீக்கம் இருந்தாலோ முட்டி திடீரென்று மடங்கிக்கொண்டாலோ அதற்கு முன் வகுப்பே வேண்டாம்.

அரைமண்டியில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. பாதத்தை வெளிப்பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு முட்டியை முன்னால் பார்க்க விடுவது. திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். உங்கள் இடுப்பு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதான் பாதமும் திரும்ப வேண்டும். முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ கால் விரலும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். 9 வயதுப் பிள்ளை மாதிரி திரும்பவில்லையே என்று வருத்தப்பட்டு பாதத்தை மட்டும் இழுத்தால், அந்த முறுக்கு முழுவதையும் முட்டிதான் வாங்கும். முதல் மூன்று மாதம் மண்டியைப் பாதி ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். டீச்சர் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தரை. பாலாய் ராயாவில் என்ன தரை?

#15 எடைமேடை

சிமெண்டு மேல் டைல்ஸ்.

#16 முட்டிக்கு_முன்

அதைத்தான் பயந்தேன். வெறுங்காலோடு சிமெண்டில் தட்டினால் அந்த அதிர்ச்சி அப்படியே கணுக்கால், முட்டி, இடுப்பு என்று மேலே ஏறும். பலகைத் தரை என்றால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். பலகையை நேராகச் சிமெண்டில் போட்டாலும் பயன் குறைவு, அடியில் ரப்பர் மாதிரி எதையாவது கொடுக்க வேண்டும். மெத்து மெத்தென்ற தடித்த பாயும் வேண்டாம், கணுக்கால் புரண்டுவிடும்.

#17 உறுமி_பையன்

நம்ம ஊர்ல ரப்பருக்கா பஞ்சம்

#18 பழைய_பெர்ஜுந்தாய்

பஞ்சம்தான் தம்பி. நீ பிறப்பதற்கு முன்பே ரப்பர் பால்மரத்தை எல்லாம் தள்ளிவிட்டார்கள்.

#19 தத்தகாரம்

பாதி மண்டி என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு நானும் அப்படித்தான் தொடங்குவேன். ஆழம் குறைவாக இருக்கலாம், நிமிர்வு குறையக் கூடாது.

#20 உறுமி_பையன்

கொஞ்சம் வேற விஷயம், நெறியாளர் மன்னிக்கணும். நான் உறுமி மேளக் குழுவில் ஆறு வருஷமா இருக்கேன். காவடிக்கு அடிக்கும்போது நாங்களும் ஆடுவோம், உங்களுக்குத் தெரியும். போன தைப்பூசத்தில் ஒரு பரத அக்கா எங்கள் அடியைக் கேட்டுட்டு "இது திஸ்ரம்" என்று சொன்னாங்க. எங்க மாஸ்டர் அதுக்கு வேற பெயர் வச்சிருக்கார், சொன்னா சிரிப்பீங்க. நாங்க கணக்கு இல்லாமலே அடிக்கிறோம். கணக்கு தெரிஞ்சா நல்லா இருக்குமான்னு ஒரு யோசனை. பையன்கள் பரத வகுப்புக்குப் போனா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு தெரியும்தானே.

#21 தத்தகாரம்

நட்டுவாங்கம் செய்த (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்திய) பெரியவர்கள் எல்லாம் யார்? பரத நிகழ்ச்சியின் வரிசையை எல்லாம் ஒழுங்குபடுத்திய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் யார்? தஞ்சாவூர் ஆண்கள். ஊர் பேசினால் பேசட்டும்.

உன் அடியில் திஸ்ரம் என்றால் மூன்று எண்ணிக்கை. "தகிட தகிட" என்று சொல்லிப் பார். சதுஸ்ரம் நாலு, "தகதிமி". கண்டம் ஐந்து, "தகதகிட". மிஸ்ரம் ஏழு, "தகிட தகதிமி". சங்கீர்ணம் ஒன்பது. பெரும்பாலும் நாங்கள் முதலில் சொல்லித்தரும் அலாரிப்பே திஸ்ரத்தில்தான். நீ அடித்துக்கொண்டிருப்பதற்கு நாங்கள் எண் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். உன் மாஸ்டர் வைத்த பெயரையும் சொல்லேன்.

#22 உறுமி_பையன்

"சட்டி உருட்டு" 🙈

#23 தத்தகாரம்

நல்ல பெயர்.

#24 அந்நியன்_அல்ல

என்னைக் கேட்டால் தமிழன் எதற்கு ஜோகெட் ஆட வேண்டும்? நம்மிடம் இல்லாததா? பிள்ளைகள் நம் கலையை மறந்துகொண்டிருக்கும்போது…

#25 கிள்ளான்_மருமகள்

அந்தப் புதன் வகுப்புக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள் அண்ணே. ஜோகெட்டே மலாக்காவில் போர்த்துகீசியர்களின் ஆட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தது என்பார்கள். வயலின் ஒரு பக்கம், ரெபானா மேளம் ஒரு பக்கம். ஜோடியாக ஆடுவார்கள், ஆனால் தொடவே மாட்டார்கள், துரத்திக்கொண்டே இருப்பார்கள். அதை ஆடினால் கும்மி மறந்துவிடுமா? பலகாரம் சாப்பிட்டால் சோறு மறந்துவிடுமா?

#26 அந்நியன்_அல்ல

நான் சொல்வது வேறு. வளங்களும் நேரமும்…

#27 நெறியாளர்

இந்தத் திசையில் 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே எடைமேடையின் கேள்வியோடு நிற்போம். உறுமி மேளக் கணக்கு மட்டும் இங்கேயே இருக்கட்டும், எனக்கே ஆர்வமாக இருக்கிறது.

#28 எடைமேடை

மூன்று வாரம் ஆகிறது. சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

கிளினிக்கில் பார்த்தார்கள். தேய்மானம் பெரிதாக இல்லை, எடையைக் குறை, தொடைக்குப் பயிற்சி செய் என்றார்கள். நாள் முழுக்க லோரி எடை பார்க்கிறவளிடம் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். சரி.

பரதத்தில் சேர்ந்துவிட்டேன். கடைசி வரிசை. எனக்கு முன்னால் நிற்கிற எல்லோரும் என் இடுப்பு உயரம். மகள் முதல் நாள் என்னைத் தெரியாத மாதிரி நின்றாள். டீச்சர் எனக்குத் தட்டடவு காட்டும்போது அவள் மூன்றாவது வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, "அம்மா, கையை மார்புக்கு நேரா வைங்க, கீழ போகுது" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இரண்டாவது வாரம் வண்டியில் வரும்போது, "நாளைக்கு வீட்ல பழகலாமா?" என்று அவளே கேட்டாள்.

டீச்சரிடம் இன்னொன்றும் சொன்னேன், புதன்கிழமை ஜோகெட்டுக்கும் போகிறேன் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முட்டி வலித்தால் எந்த வகுப்பால் வலித்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதி வை" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆலையின் பழைய எடைச்சீட்டுப் புத்தகத்தில்தான்.

ஜூம்பா ஒரு ஞாயிறு போனேன். பாட்டுச் சத்தத்தில் என் காலின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பிடிக்கவில்லை என்று இல்லை, காத்திருக்கட்டும்.

#29 முட்டிக்கு_முன்

எழுதி வைப்பது மிக நல்ல பழக்கம். தேதி, எவ்வளவு நேரம், மறுநாள் காலை எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள். ஆடிய அன்றைக்கு வலிப்பதைவிட மறுநாள் காலை வலிப்பதுதான் கணக்கு.

#30 கிள்ளான்_மருமகள்

வீட்டில் வீடியோ பார்த்துப் பழகினால் ஒரு எச்சரிக்கை. ஆடுகிறவர் நம்மைப் பார்த்து நிற்பார், அவருடைய வலது நமக்கு இடது. நான் ஒரு பாட்டு முழுவதையும் தலைகீழாகக் கற்றுக்கொண்டு போய் மேடையில் பக்கத்தில் இருந்தவளை இடித்திருக்கிறேன். முதுகு காட்டி ஆடும் வீடியோவைத் தேடுங்கள், இல்லை என்றால் மகளை முன்னால் நிறுத்துங்கள்.

#31 எடைமேடை

நாலு மாதம் கழித்து வருகிறேன். நடுவில் பழ சீசன், மூச்சு விட நேரம் இல்லை. ஐந்து சனிக்கிழமை தவறிவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

தட்டடவு இரண்டு காலம் வந்துவிட்டது. மூன்றாவது காலத்தில் கால் ஓடுகிறது, மனம் பின்னால் ஓடுகிறது. நாட்டடவில் காலை நீட்டும்போது இன்னும் தடுமாறுகிறேன். குழம்பியதா என்று கேட்டால், ஒரே ஒரு இடத்தில். ஜோகெட்டில் நான் தரையை ஓங்கி அடிக்கிறேன், அங்கே எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மருமகள் சொன்ன அதே கதை. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று நடந்தது. புதன் வகுப்பில் அந்த அக்கா, தோளை இறக்கு, மூச்சை விடு, சும்மா வீட்டில் நடப்பது போல நட என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிச் சொல்லி, சனிக்கிழமை வந்தபோது என் டீச்சர் முதன்முறையாக "தோள் இறங்கியிருக்கிறதே" என்றார். நான் ஏன் என்று சொல்லவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருக்கும்.

எடைச்சீட்டுப் புத்தகத்தின்படி முட்டி வலித்தது மொத்தம் 9 நாள். அதில் 7 நாள் சனிக்கிழமைக்கு மறுநாள். முதல் இரண்டு மாதத்தில்தான் அதிகம். ஜோகெட்டுக்கு அடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. மீதி இரண்டு, ஆலையில் படி ஏறி இறங்கியது.

தரைதான் இன்னும் அதே டைல்ஸ்.

#32 தத்தகாரம்

ஐந்து வாரம் தவறிய பிறகும் இரண்டாம் காலம் நின்றிருக்கிறது என்றால் உங்கள் டீச்சர் அடித்தளத்தைச் சரியாகப் போட்டிருக்கிறார். மூன்றாம் காலத்துக்கு அவசரப்படாதீர்கள். வேறு எதையும் தொடாதீர்கள் என்று நான் முதலில் எழுதியதில் கொஞ்சம் கடுமை இருந்தது. இரண்டு வருஷம் என்றேன். உங்கள் விஷயத்தில் அந்த இரண்டு வருஷத்தை நான் வற்புறுத்தவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்.

#33 உறுமி_பையன்

டீச்சர் உண்மையாவா எழுதினீங்க 😳

அக்கா, நானும் ஒரு தகவல் சொல்லணும். உங்க டீச்சர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை இரண்டாவது வகுப்பு முடிஞ்சதும் அரை மணி நேரம் சொல்லுக்கட்டு மட்டும். ஆட்டம் இல்லை, வாயால சொல்றது மட்டும். நாங்க மூணு பேர் வரோம். உறுமியை வெளியே வச்சிட்டு வரணும்னு சொல்லிட்டாங்க.

#34 பழைய_பெர்ஜுந்தாய்

தரை விஷயம். பழைய ரப்பர் புகைவீடு ஒன்றைப் பிரித்தபோது எடுத்த பலகை என் வீட்டுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கிறது. கெட்டியான மரம், ரப்பர் ஷீட்டுப் புகை குடித்துக் கறுத்தது. மகன் விறகுக்குப் போடச் சொல்கிறான். 12 பலகை தேறும். அகலம் ஒரு முழம் இருக்கும், நீளம் ஏழடி. கடைசி வரிசைக்காவது வரும். யாரிடம் லோரி இருக்கிறது?

#35 எடைமேடை

ஐயா, என்னிடம் இல்லாதது லோரி ஒன்றுதானா? நாளெல்லாம் லோரியைத்தானே பார்க்கிறேன். ஞாயிறு காலை ஒருவரைக் கேட்டுப் பார்க்கிறேன். அடியில் போட ரப்பர் பாயை இரும்புக்கடையில் விலை கேட்டாயிற்று.

#36 முட்டிக்கு_முன்

பலகையில் ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். வெறுங்கால்!

#37 எடைமேடை

பலகை வந்து இறங்கிவிட்டது. 12-ல் இரண்டைக் கரையான் தின்றிருக்கிறது, மீதி பத்தும் நன்றாக இருக்கிறது. ஆணி 31 பிடுங்கினோம், மகள் எண்ணினாள். மண்டபம் முழுக்கப் புகை வாசம். ஐயா, உங்கள் சின்னம்மா பாடிய கும்மிப் பாட்டு ஏதாவது ஒரு அடி ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், டீச்சர் கேட்கிறார்.

#38 பழைய_பெர்ஜுந்தாய்

அடி ஞாபகம் இல்லை. மெட்டு இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன்.